பேசிய விலையும் ஆன செலவும்: தமிழ்நாட்டில் வீடு வாங்குவோரின் கிரயச் செலவுகள்

தமிழ்நாட்டில் வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ வாங்கும் ஒருவர் விற்பவரிடம் பேசி முடிக்கும் விலை, அந்தச் சொத்து சட்டப்படி அவர் பெயருக்கு வந்து சேர்வதற்குள் அவர் கையிலிருந்து வெளியேறும் மொத்தப் பணத்தின் ஒரு பகுதி மட்டுமே. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், வங்கியின் செயலாக்கக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், தரகு, சரக்கு மற்றும் சேவை வரி, பராமரிப்பு வைப்புத்தொகை, பெயர் மாற்றச் செலவு எனப் பல பெயர்களில், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு கைகளுக்குப் போகும் இந்தத் தொகைகளை ஒருசேரக் கிரயச் செலவுகள் என்று அழைக்கலாம். கிரயம் என்பது விற்பனையால் உரிமை கைமாறுவதைக் குறிக்கும் பத்திர வழக்குச் சொல். மறுவிற்பனை வீடுகளில் இவை கூடிப் பேசிய விலையில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். வீடு வாங்கிய குடும்பங்களின் அனுபவங்களைச் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது: இப்படிப்பட்ட செலவுகள் உண்டு என்பதை அறியாதவர் அநேகமாக எவருமில்லை, ஆனால் அவை எந்த நாளில், எந்த மதிப்பின் மேல் கணக்கிடப்பட்டு, எந்தப் பணத்திலிருந்து கட்டப்பட வேண்டும் என்பதைப் பலர் முன்பணம் கொடுத்த பிறகே அறிகிறார்கள், அப்போது பின்வாங்கினால் முன்பணம் போய்விடும் என்ற நிலை வந்துவிடுகிறது.

இதில் முதலாவதாகப் புரிந்துகொள்ள வேண்டியது வங்கிக் கடனின் எல்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் சொத்தின் மதிப்பில் 90 சதவீதத்தையும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் 80 சதவீதத்தையும், அதற்கும் மேற்பட்ட கடன் 75 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. அந்த மதிப்பைக் கணக்கிடும்போது முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், ஆவணச் செலவு ஆகியவற்றைச் சேர்க்கவும் கூடாது. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. எனவே கிரயச் செலவு முழுவதும் வாங்குபவரின் சொந்தச் சேமிப்பிலிருந்தே வந்தாக வேண்டும். 80 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்த ஒரு மறுவிற்பனைக் குடியிருப்பை எடுத்துக்கொண்டால், வங்கி தரக்கூடிய அதிகபட்சம் 64 லட்சம். மீதி 16 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும் என்று குடும்பம் கணக்கிட்டிருக்கும். அதன்மேல் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் மட்டுமே 7 லட்சத்து 20 ஆயிரம் ஆகும். போதாக்குறைக்கு, வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பிப் பார்த்து அந்த வீட்டின் மதிப்பு 74 லட்சம்தான் என்று எழுதிவிட்டால், கடன் 59 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கி, கையிலிருந்து போட வேண்டிய தொகை 16 லட்சம் என்ற நினைப்பிலிருந்து 28 லட்சமாக வளர்ந்து நிற்கும். கடைசி இரண்டு வாரங்களில் நகையை அடகு வைப்பதும், அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்குவதும், சேமநல நிதியிலிருந்து அவசரமாகப் பணம் எடுப்பதும் பெரும்பாலும் இந்த இடைவெளியை நிரப்பத்தான். ஆகவே, வங்கியிடமிருந்து தோராய ஒப்புதலையாவது பெற்று, கிரயச் செலவைத் தனி வரியாக எழுதிப் பார்த்த பிறகே அச்சாரம் என்னும் முன்பணத்தைக் கொடுப்பது நல்லது. கடன் மறுக்கப்பட்டாலோ குறைந்தாலோ முன்பணம் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியைக் கிரய ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி கேட்பதற்கும் அதுவே தக்க தருணம். இத்தகைய விற்பனை ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டிருந்தும், சிறிய கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. விற்பவர் அதே சொத்தை இன்னொருவருக்குப் பேசும்போது வில்லங்கச் சான்றில் தெரிவது பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம்தான் என்பதை அவ்வாறு செய்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

அரசுக்குச் செல்லும் பங்கே செலவுகளில் பெரியது. கிரயப் பத்திரத்துக்குச் சொத்து மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத்தீர்வையாகவும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமாகவும், ஆக 9 சதவீதம் செலுத்த வேண்டும். 7 சதவீதம் என்று ஒன்றாகச் சொல்லப்படுவதில் 5 சதவீதமே முத்திரைத்தீர்வை. மீதி 2 சதவீதம் உள்ளாட்சி அமைப்புகளுக்கான சொத்து மாற்று வரி. பதிவுக் கட்டணம் என்பது பத்திரத்தைப் பதிவேட்டில் ஏற்றிப் பாதுகாக்கும் சேவைக்கான கட்டணம் என்பதால் அது தொடக்கத்தில் சிறியதாக, 1 சதவீதமாகவே இருந்தது. 2017 ஜூன் மாதம் வழிகாட்டி மதிப்பை மாநில அரசு 33 சதவீதம் குறைத்தபோது, வருவாய் இழப்பை ஈடுகட்ட அது 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023-இல் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் அறிவிப்புடன் 2 சதவீதமாக இறங்கியது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலம் ஆகியவை பெண்கள் பெயரில் பதியப்பட்டால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கப்படுகிறது. சிற்றூரில் மனையோ சிறு வீடோ வாங்கும் குடும்பங்களுக்கு இது மெய்யான சலுகை என்றாலும், நகரத்துக் குடியிருப்புகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. வேறு ஏற்பாடு எழுதப்படாத வரை கிரயப் பத்திரத்தின் முத்திரைத்தீர்வையை வாங்குபவரே ஏற்க வேண்டும் என்று 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் சொல்வதால், விற்பவரோடு பாதியாகப் பகிர்ந்துகொள்வோம் என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

எந்த மதிப்பின் மேல் இந்த 9 சதவீதம் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் குழப்பம் மிகுதி. வழிகாட்டி மதிப்பு என்பது ஒவ்வொரு தெருவுக்கும் அல்லது சர்வே எண்ணுக்கும் பதிவுத்துறை நிர்ணயித்து வைத்திருக்கும், அதற்குக் குறைந்து தீர்வை கட்ட முடியாத, சதுர அடி மதிப்பு. பத்திரத்தில் எழுதப்படும் விலையும் வழிகாட்டி மதிப்பின்படி வரும் தொகையும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதன் மேல் தீர்வை விதிக்கப்படும். ஒரே பகுதியில் பிரதான சாலையை ஒட்டிய தெருவுக்கும் அதன் பின்னால் உள்ள குறுக்குச் சந்துக்கும் மதிப்பு வேறாக இருப்பது இயல்பு; சில இடங்களில் அது சந்தை விலையை விடவும் கூடுதலாக இருக்கும், அங்கே மலிவாகக் கிடைத்த வீட்டுக்கும் மலிவான தீர்வை கிடையாது. பதிவுத்துறையின் இணையதளத்தில் தெருவின் பெயரையோ சர்வே எண்ணையோ கொடுத்து இதைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், விலை பேச உட்காரும் முன்பே அதைப் பார்த்து வைத்துக்கொள்வது வாங்குபவரின் முதல் வேலையாக இருக்க வேண்டும். தனி வீடாக இருந்தால் நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பும், கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறையின் விகிதப்படி அதன் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்த மதிப்பும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. பத்திரத்தில் கட்டடத்தின் பரப்பைக் குறைத்துக் காட்டியிருப்பது கள ஆய்வில் தெரிந்தால் வித்தியாசத் தொகை கேட்கப்படும். மதிப்பு குறைவாகக் காட்டப்பட்டிருப்பதாகச் சார்பதிவாளர் கருதினால், முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி சந்தை மதிப்பை நிர்ணயிக்கும் அதிகாரிக்குப் பத்திரத்தை அனுப்பிவைப்பார். அது முடியும்வரை அசல் பத்திரம் கைக்கு வராது, அசல் வராததால் வங்கியும் காத்திருக்கும்.

உண்மையான விலையைப் பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. தீர்வை மிச்சமாகும் என்ற ஆசையைக் காட்டித்தான் வாங்குபவரை இதற்கு இணங்கவைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் ஆதாயம் பெரும்பாலும் விற்பவருக்கு, கேடு பெரும்பாலும் வாங்குபவருக்கு. வங்கி பத்திர விலையையும் கணக்கில் கொள்வதால் கடன் குறைகிறது. ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லாததால் கிரயம் முறிந்தால் திரும்பக் கேட்க முடியாது. பின்னாளில் வீட்டை விற்கும்போது, வாங்கிய விலை குறைவாக எழுதப்பட்டிருப்பதால் மூலதன ஆதாயம் பெருத்துக் காட்டி, அன்று விற்பவர் தப்பித்த வரியை இவர் கட்ட நேர்கிறது. பத்திர விலை வழிகாட்டி மதிப்பை விட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்து, அந்த வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழு வித்தியாசத்தையும் வாங்கியவரின் வருமானமாகவே கருதி வரி விதிக்கவும் வருமானவரிச் சட்டத்தில் இடமுண்டு. அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டு, பெற்றவருக்கு அதே அளவு தண்டத்தொகை விதிக்கப்படும் நிலையும் இருக்கிறது. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கணக்கில் காட்டாத பணமாக மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் பயத்தோடு புதுவீட்டுக்குள் நுழைய வேண்டிய கட்டாயம் எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

கட்டுமான நிறுவனத்திடமிருந்து நேராக வாங்கும் புதுக் குடியிருப்புகளுக்குக் கணக்கு வேறு. நெடுங்காலமாக இங்கே இரண்டு பத்திரங்கள் பதியப்பட்டுவந்தன: அடுக்ககம் நிற்கும் மனையில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் சேரும், கோடு கிழித்துப் பிரிக்க முடியாத நிலப்பங்காகிய பிரிபடாத பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், அதன்மேல் வீட்டைக் கட்டித் தருவதற்கு ஒரு கட்டுமான ஒப்பந்தம். நிலத்தின் மதிப்புக்கு மட்டும் கூடுதல் விகிதமும் கட்டுமானத்துக்குக் குறைந்த விகிதமும் இருந்ததால் மொத்தத் தீர்வை குறைவாக இருந்தது. 2023 டிசம்பர் 1 முதல் நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பின் மேல் ஒரே பத்திரமாகப் பதியும் முறை கொண்டுவரப்பட்டு, முதல் விற்பனைக்கு மட்டும் விகிதம் குறைக்கப்பட்டது: 50 லட்சம் ரூபாய் வரை 4 சதவீதம் முத்திரைத்தீர்வை, அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், இவற்றோடு 2 சதவீதம் பதிவுக் கட்டணம். 3 கோடியைத் தாண்டினால் வழக்கமான 9 சதவீதம்தான். பழைய முறையில் வாங்கிய உறவினர் ஒருவரின் செலவை அளவுகோலாக வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுபவர்கள் இந்த மாற்றத்தால் ஏமாந்துபோகிறார்கள்.

இதனோடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேர்கிறது. கட்டுமானம் முடியாத நிலையில் வாங்கினால் 5 சதவீதம். 45 லட்சம் ரூபாய்க்கு மேற்படாததும், சென்னை போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கும் மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்கும் மேற்படாத உட்பரப்புக் கொண்டதுமான வீட்டுக்கு 1 சதவீதம். இந்த விகிதங்கள் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்றிதழ் கிடைத்த பிறகு முழு விலையும் கொடுத்து வாங்கப்படும் வீட்டுக்கும், மறுவிற்பனை வீட்டுக்கும் இந்த வரியே இல்லை. அதே 80 லட்சம் ரூபாயை மூன்று விதமான வீடுகளுக்கும் பொருத்திப் பார்த்தால் உண்மை தெளிவாகும்: கட்டிக்கொண்டிருக்கும் குடியிருப்புக்குத் தீர்வையும் கட்டணமும் 5 லட்சத்து 60 ஆயிரம், சேவை வரி 4 லட்சம், ஆக 9 லட்சத்து 60 ஆயிரம், நிறைவுச் சான்றிதழ் பெற்ற புதுக் குடியிருப்புக்கு 5 லட்சத்து 60 ஆயிரம் மட்டும், மறுவிற்பனைக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். கட்டுமான நிலையில் வாங்குவது மலிவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது, இந்த 4 லட்சத்தையும் காத்திருக்கும் காலத்து வாடகையையும் சேர்த்துப் பார்த்த பிறகும் நிற்கிறதா என்பதை ஒவ்வொருவரும் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டுமான நிறுவனங்கள் தரும் விலைப்பட்டியலையும் நிதானமாகப் படிக்க வேண்டும். சதுர அடி விலை பெரிய எழுத்தில் முதல் வரியில் இருக்கும்; அதன் கீழே மாடி உயர உயரக் கூடும் கட்டணம், கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு, மின்மாற்றி, குடிநீர் மற்றும் கழிவுநீர் இணைப்பு, ஜெனரேட்டர், உடற்பயிற்சிக் கூடம், ஆவணக் கட்டணம், ஓராண்டு அல்லது ஈராண்டுப் பராமரிப்பு முன்பணம், கார்ப்பஸ் நிதி என வரிகள் இறங்கிக்கொண்டே போகும்; சிலவற்றுக்கு எதிரே தொகைக்குப் பதிலாக, அப்போதைய நிலவரப்படி என்று மட்டும் எழுதியிருக்கும். கார்ப்பஸ் நிதி என்பது பின்னாளில் லிப்டு மாற்றுவது, வெளிச்சுவர் பூசுவது போன்ற பெருஞ்செலவுகளுக்காக எல்லாக் குடியிருப்பாளர்களிடமும் ஒருமுறை வசூலிக்கப்பட்டு, குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டிய வைப்பு. அது யார் பெயரில் இருக்கும், எப்போது சங்கத்துக்கு மாறும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால் பின்னர் சங்கம் அலைய வேண்டியிருக்கும். ஆவணக் கட்டணம் என்ற வரி எதைக் குறிக்கிறது, அதில் பத்திரம் எழுதும் செலவு அடங்கியிருக்கிறதா, அரசுத் தீர்வை அதற்கு வெளியே இருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும். அப்போதைய நிலவரப்படி என்று விடப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் ஓர் உச்சவரம்பைக் கேட்பது நியாயமானது. பேரம் பேசும் நாளில் இதற்கு இணங்கும் நிறுவனமே, சாவி கொடுக்கும் நாளில் ஒரு ரூபாயும் குறைக்காது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குபவருக்கு இதில் ஒரு பிடிமானத்தைத் தருகிறது: விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியப்படும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் எந்த நிறுவனமும் பெறக் கூடாது. அந்த 10 சதவீதத்துக்குள் நின்றுகொண்டு எல்லா வரிகளையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

வங்கி சார்ந்த செலவுகளில் முதலாவது செயலாக்கக் கட்டணம்; விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான இது கடன் தொகையின் ஒரு சிறு சதவீதமாகவோ நிலையான தொகையாகவோ இருக்கும், 18 சதவீதச் சேவை வரி அதன்மேல் வரும். பண்டிகைக் காலச் சலுகைகளில் இது குறைக்கப்படுவதும் தள்ளுபடி செய்யப்படுவதும் உண்டு என்பதால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அடுத்து, சொத்தின் ஆவணங்களைப் பார்க்கும் வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்குமான கட்டணம்; கடன் மறுக்கப்பட்டாலும் இவை திரும்புவதில்லை. மூன்றாவது, பலர் கேள்விப்பட்டிராத உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவு. அசல் பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக வங்கியிடம் வைத்திருப்பதைப் பதிவேட்டில் ஏற்றும் இந்த ஆவணத்தை வங்கி வழக்கில் எம்ஓடி என்பார்கள். கடன் தொகையில் அரை சதவீத முத்திரைத்தீர்வையும் தனியே பதிவுக் கட்டணமும் இதற்கு உண்டு. இரண்டுக்கும் உச்சவரம்பு இருப்பதால் தொகை சில பத்தாயிரங்களில் நின்றுவிடும் என்றாலும், கிரயப் பதிவு நாளிலேயே இதையும் கட்ட வேண்டியிருப்பதால் எதிர்பாராத சுமையாகத் தோன்றும். கடனோடு சேர்த்து விற்கப்படும் ஒற்றைத் தவணை ஆயுள் காப்பீடும் கவனத்துக்குரியது. குடும்பத் தலைவர் இல்லாமல்போனால் கடன் சுமை குடும்பத்தின் மேல் விழாதிருக்கக் காப்பீடு தேவை என்பது சரியே, ஆனால் கடன் தரும் வங்கி காட்டும் திட்டத்தையே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் ஒப்புதலாகும் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரக் குறிப்பு ஒன்றை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது. இரண்டு வங்கிகளின் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குறைந்த வட்டி என்று விளம்பரப்படுத்தியது உண்மையில் குறைந்ததா என்பது புலப்படும்.

வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார், ஆகவே சொந்தமாக ஒருவரை வைக்கத் தேவையில்லை என்ற எண்ணம் மிகப் பரவலானது, மிகவும் ஆபத்தானது. அவர் வங்கியின் கடனுக்கு ஈடு போதுமா என்று பார்க்கிறார். வாங்குபவரின் ஆயுட்காலச் சேமிப்புக்கு யாரும் வழக்குப் போட முடியாத உரிமை கிடைக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. தாய்ப்பத்திரம் எனப்படும் முந்தைய பத்திரங்களின் தொடர்ச்சி, வாரிசுகளில் எவரேனும் கையெழுத்திடாமல் விடுபட்டிருக்கிறார்களா, பவர் எனப்படும் அதிகாரப் பத்திரத்தின் மூலம் விற்கப்பட்டிருந்தால் அதைக் கொடுத்தவர் அந்த நாளில் உயிரோடு இருந்தாரா என்பன போன்ற கேள்விகளை எழுப்பச் சொந்த வழக்கறிஞரே வேண்டும். வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மேல் குறிப்பிட்ட காலத்தில் பதியப்பட்ட விற்பனை, அடமானம், தானம் முதலியவற்றின் பட்டியல். அதில் எதுவும் தெரியவில்லை என்றால் எதுவும் இல்லை என்று பொருளாகாது. உயில்கள் தனிப் புத்தகத்தில் பதியப்படுவதால் வில்லங்கச் சான்றில் வருவதில்லை. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்குகளும் பதியப்படாத குடும்ப ஏற்பாடுகளும் சொத்துவரிப் பாக்கியும் அதில் தெரிவதில்லை. 80 லட்சம் ரூபாய் வீட்டில் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் தொகை மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. கிரயச் செலவுகள் அனைத்திலும் எதைக் குறைத்தாலும் குறைக்கக் கூடாதது அதுதான்.

தரகு வாங்குபவரிடம் 1 சதவீதமாகக் கேட்கப்படுவது பல ஊர்களில் வழக்கம் என்றாலும் அதற்குச் சட்ட விகிதம் கிடையாது. எப்போது தருவது என்பதை முதல் நாளிலேயே பேசி, பதிவு முடிந்த பிறகே கொடுப்பதாக வைத்துக்கொள்வது நல்லது. பத்திர எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ பத்திரம் தயாரிக்கும்போது அவர் மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால், அதை வரிவரியாகப் பிரித்து எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அரசுக்கான தீர்வையும் கட்டணங்களும் இணையவழியில் செலுத்தப்பட்டு ரசீது வருகின்றன. ரசீது இல்லாத எதுவும் அரசுக் கட்டணம் ஆகாது. அலுவலகச் செலவு என்று பெயரிட்டு அந்தப் பட்டியலின் கடைசியில் நுழையும் வரியை அடித்துவிடச் சொல்ல வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. ஆவணங்கள் சரியாக இருக்கும்போது அதைச் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை.

50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்தை வாங்குபவர், விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து 1 சதவீதத்தைப் பிடித்து வருமானவரித் துறைக்குச் செலுத்த வேண்டும் என்பது 2013 ஜூன் முதல் உள்ள விதி. டிடிஎஸ் எனப்படும் இந்த மூலவரிப் பிடித்தம் கூடுதல் செலவன்று, விலைக்குள் அடங்கியது. ஆனாலும் தவறினால் அது செலவாகிவிடும். பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் வட்டியும், படிவம் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய்க் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழும். விற்பவரின் பான் எண் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலற்றுப் போயிருந்தால், 1 சதவீதத்துக்குப் பதிலாக 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று வாங்கியவருக்கு அறிவிப்பு வந்த அனுபவங்கள் பல உண்டு. 80 லட்சம் ரூபாய் வீட்டில் அந்த வித்தியாசம் 15 லட்சத்து 20 ஆயிரம். பணம் கைமாறும் முன் அந்த எண்ணின் நிலையை இணையத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் 1 சதவீத விதியே பொருந்தாது. பிடித்தத்தின் விகிதம் பல மடங்கு உயரும், 50 லட்சம் என்ற வரம்பும் இல்லை. அந்த நிலையில் கணக்காயரின் உதவி இன்றியமையாதது.

பதிவு நாளின் செலவுகள் சிறியவை, பிழைகளின் செலவு பெரியது. முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் மிகுந்து கூடுதல் டோக்கன்கள் தரப்படும்; புகைப்படம், கைரேகை, சாட்சிகளின் அடையாளம் என்று வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது பத்திரத்தைப் படிக்க எவருக்கும் பொழுதிருக்காது. ஆகவே வரைவை இரண்டு நாட்களுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்திலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். வடக்கே இன்னார் வீடு, தெற்கே இத்தனை அடிப் பொதுப்பாதை என்று நான்கெல்லை எழுதப்பட்டிருக்கும் அந்தப் பத்தியில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருப்பது, சர்வே எண்ணின் உட்பிரிவு விடுபட்டிருப்பது, பிரிபடாத பங்கின் சதுர அடியில் ஓர் இலக்கம் பிறழ்ந்திருப்பது, ஆதாரில் உள்ள தலைப்பெழுத்து பத்திரத்தில் வேறாக இருப்பது ஆகியவையே வழக்கமாக நேரும் பிழைகள். பதிந்த பிறகு கண்டுபிடித்தால் பிழைதிருத்தல் பத்திரம் என்ற தனிப் பத்திரம் எழுத வேண்டும். அதற்குச் செலவு மட்டுமல்லாமல், பணம் முழுவதும் பெற்றுக்கொண்ட விற்பவர் மறுபடியும் வந்து கையெழுத்திடவும் வேண்டும்.

பதிவுக்குப் பின் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றம் தொடர்கிறது. மறுவிற்பனையானால் பழைய பாக்கிகள் அனைத்தும் விற்பவரால் கட்டப்பட்டதற்கான ரசீதுகளைப் பதிவுக்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தவர்கள், செலுத்திய ஆண்டிலேயே முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்ற பொது வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். எந்த முறையைத் தேர்ந்தாலும், பின்னாளில் வீட்டை விற்கும்போது இவை வாங்கிய அடக்க விலையோடு சேரும் என்பதால் ரசீதுகளைப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வைப்பது அவசியம்.

கிரயத்தின் கடைசிச் செலவு கடன் அடைந்து முடியும் நாளில், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து வருகிறது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆவணங்கள் கைக்கு வந்த மகிழ்ச்சியில் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பதிவேட்டிலோ பழைய ஒப்படைப்பு அப்படியே நிற்கும். வங்கி அதிகாரியை அழைத்துச் சென்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீதைப் பதிந்து, அதற்கான சிறு கட்டணத்தைக் கட்டி, புதிதாக எடுத்த வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்த பதிவு ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே அந்தக் கோப்பை மூடிப் பெட்டியில் வைக்க வேண்டும்.